பல வருட வேலை போன பிறகு: சிங்கப்பூரில் முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு வழிகாட்டி

நாற்பது வயதைத் தாண்டி, பல வருடம் ஒரே துறையில் இருந்து, ஆட்குறைப்பாலோ நிறுவனம் மூடியதாலோ உடல்நலக் குறைவாலோ வெளியே வந்தவர்களுக்கானது இந்த வழிகாட்டி. கப்பல் பட்டறை, மின்னணுத் தொழிற்சாலை, வங்கி, கணினித் துறை, அச்சகம், எதுவாக இருந்தாலும் சரி. அதே துறையில் அதே சம்பளத்தில் இரண்டு மாதத்தில் இன்னொரு வேலை கிடைத்துவிடும் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் முதல் இரண்டு பகுதிகளைப் படித்தால் போதும்.

வரிசை முக்கியம். முதலில் தாள்கள், பிறகு காசு, பிறகு வீட்டாரிடம் பேச்சு, பிறகு நாளின் நேரம். 'இனி எதற்காக ஓடுவது' என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் பிறகுதான். நிறையப் பேர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். வேலை போன மறுநாளே வாழ்க்கையின் பொருளைத் தேடி உட்கார்ந்துவிடுகிறார்கள். வீட்டுக் கடன் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியாத நிலையில் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வராது. பயம்தான் பதில் சொல்லும்.

முதல் வாரம்: தாள்களும் தேதிகளும்

கடைசி நாளுக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை: வேலை ஒப்பந்தம், பணிநீக்கக் கடிதம், கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டுகள், எடுக்காத விடுப்பின் கணக்கு, பணிச் சான்றிதழ். அலுவலக மின்னஞ்சலும் மடிக்கணினியும் பூட்டப்பட்டால் இவற்றைத் திரும்ப வாங்க வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். உங்களுக்குச் சொந்தமான தாள்களை மட்டும் எடுங்கள். வாடிக்கையாளர் பட்டியலையோ நிறுவனக் கோப்புகளையோ எடுத்துப்போனால் அது வேறு வழக்காகிவிடும்.

ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் குறிப்பிடவில்லை என்றால் வேலை நியமனச் சட்டம் சொல்வது பொருந்தும்: 26 வாரத்துக்கும் குறைவான சேவைக்கு 1 நாள், அதற்கு மேல் 2 ஆண்டுக்குள் 1 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 2 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் 4 வாரம். முதலாளி நீக்கினால் இறுதிச் சம்பளம் கடைசி வேலை நாளிலோ அடுத்த 3 வேலை நாள்களுக்குள்ளோ வர வேண்டும்.

ஆட்குறைப்பு இழப்பீட்டில் பலர் ஏமாந்துபோகிறார்கள். அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒப்பந்தத்திலோ தொழிற்சங்கக் கூட்டு உடன்பாட்டிலோ எழுதியிருந்தால் அது உரிமை. இல்லாவிட்டால் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டுதலின்படி பேசிப் பெறுவதுதான். 2 ஆண்டு அல்லது அதற்கு மேல் வேலை செய்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 2 வாரம் முதல் 1 மாதச் சம்பளம் வரை என்பது நடைமுறையில் உள்ள அளவு. வேலை இழப்புக்கான இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது. முன்னறிவிப்புக்குப் பதிலாகத் தரும் சம்பளத்துக்கும், சேவையைப் பாராட்டித் தரும் தொகைக்கும் வரி உண்டு. அதனால் கடிதத்தில் எந்தத் தொகை எந்தப் பெயரில் வருகிறது என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டு கெடுக்களை நாள்காட்டியில் சிவப்பில் எழுதி வையுங்கள். நியாயமில்லாமல் நீக்கிவிட்டார்கள் என்று புகார் செய்ய, கடைசி வேலை நாளிலிருந்து 1 மாதம்தான் அவகாசம். சம்பள பாக்கிக்கு 6 மாதம். இரண்டுக்கும் போக வேண்டிய இடம், சர்ச்சை நிர்வாகத்திற்கான முத்தரப்புக் கூட்டணி. "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம், தெரிந்த மனுஷன்தானே" என்று முதலாளிக்காகக் காத்திருந்தே முதல் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் அதிகம்.

நிறுவனக் காப்பீடு கடைசி நாளோடு நின்றுபோகும். அரசின் அடிப்படை மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் நிற்காது, அதன் சந்தா மத்திய சேம நிதியின் மருத்துவக் கணக்கான மெடிசேவிலிருந்து போய்க்கொண்டிருக்கும். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானதும் பொதுவாக 30 நாள் குறுகிய கால வருகை அனுமதி கிடைக்கும். குடும்பத்தாரின் டிபெண்டன்ட் பாஸும் கூடவே ரத்தாகிவிடும். வரித் தீர்வு முடியும்வரை கடைசிச் சம்பளத்தை முதலாளி பிடித்து வைக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஊருக்கு டிக்கெட், வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் அந்தப் பணம் வராது என்று வைத்தே திட்டமிடுங்கள்.

கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதலாவதில் நிறுத்தவே முடியாத செலவுகள்: வீட்டுக் கடன் அல்லது வாடகை, மின்சாரம், மளிகை, பள்ளி, மருந்து. இரண்டாவதில் குறைக்கக்கூடியவை. மூன்றாவதில் ஊருக்கு அனுப்பும் பணம், சீட்டு, கல்யாண மொய், கோவில் காணிக்கை. இந்த மூன்றாவது பத்தியைத் தனியே எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் இது வரவுசெலவுக் கணக்கில் வருவதே இல்லை, நிறுத்தச் சொல்லவும் வாய் வராது. எவ்வளவு என்று எழுத்தில் பார்த்தால்தான் ஊரில் இருக்கும் அண்ணனிடம் "ஆறு மாசத்துக்குப் பாதிதான் அனுப்ப முடியும்" என்று சொல்லத் துணிவு வரும்.

கையில் உள்ள ரொக்கத்தை முதல் பத்தியின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் உங்களுக்கு இருக்கும் மாதங்கள். இழப்பீட்டுத் தொகையில் பாதியை மட்டும் இந்தக் கணக்கில் சேருங்கள். மீதியைத் தொடாத கணக்கில் போட்டுவிடுங்கள்.

வீவக வீட்டுக் கடனை மத்திய சேம நிதியிலிருந்து கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தா வருவது நின்றாலும் சாதாரணக் கணக்கில் இருப்பு உள்ளவரை கடன் கழிந்துகொண்டே இருக்கும். எதுவும் மாறாததுபோலத் தெரியும். ஒருநாள் இருப்பு தீர்ந்து, மொத்தத் தவணையும் ரொக்கமாகக் கேட்டுக் கடிதம் வரும். இன்றைக்கே சிங்பாஸில் நுழைந்து இருப்பைத் தவணையால் வகுத்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால், பாக்கி விழுவதற்கு முன்பே வீவகவிடமோ வங்கியிடமோ பேசுங்கள். பாக்கி விழுந்த பிறகு பேசுவது கடினம். 55 வயதைத் தாண்டியவர்கள் 'எடுக்கலாம்' என்பதற்காகவே சேம நிதியை மொத்தமாக எடுக்க வேண்டாம். இன்று எடுக்காவிட்டாலும் பிறகு எடுக்கும் உரிமை போகாது.

சொந்த விருப்பமின்றி வேலை இழந்த சிங்கப்பூரர்களுக்காக 2025 ஏப்ரலில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் தொடங்கியது. வேலை இழப்பதற்கு முந்திய 12 மாதங்களில் சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கானது. ஆறு மாதத்தில் அதிகபட்சம் 6,000 வெள்ளி: முதல் மாதம் 1,500 வரை, இரண்டாம் மாதம் 1,250, மூன்றாம் மாதம் 1,000, பிறகு மூன்று மாதம் 750 வீதம். தொகை இறங்குவரிசையில் போவதைக் கவனியுங்கள். விண்ணப்பம் போடுவது, வேலை ஆலோசகரைப் பார்ப்பது, பயிற்சிக்குப் போவது என்று மாதந்தோறும் புள்ளி சேர்த்தால்தான் பணம் வரும். சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு என்றால் காத்திருக்காமல் அரசின் உதவித் திட்டமான கோம்கேர் எண் 1800-222-0000 அல்லது பேட்டையில் உள்ள சமூக சேவை அலுவலகம்.

வீட்டில் சொல்வது

மூன்று நாளுக்குள் சொல்லிவிடுங்கள். காலையில் வழக்கம்போலச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி, நூலகத்திலும் உணவங்காடியிலும் பொழுதைப் போக்கிவிட்டு மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். இரண்டு வாரம் ஓடும். பிறகு மனைவிக்கோ கணவருக்கோ வேறு யாரோ சொல்லித் தெரியவரும்போது, வேலை போனதைவிட மறைத்ததுதான் பெரிய சண்டையாகிறது.

துணையிடம் சொல்லும்போது கையிருப்புக் கணக்குத் தாளோடு உட்காருங்கள். "வேலை போச்சு. எட்டு மாசத்துக்குக் காசு இருக்கு. இந்த மூணு செலவைக் குறைக்கணும், எதைன்னு நீயும் சொல்லு." பிள்ளைகளுக்கு இவ்வளவு விவரம் வேண்டாம். அவர்கள் அறிய வேண்டியது வீடு மாறுமா, பள்ளி மாறுமா, டியூஷன் நிற்குமா என்ற மூன்றுதான். வயதான அம்மா அப்பாவுக்கு நாளும் கிழமையும் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம், அதில் அவசரமில்லை.

இன்னொன்று: பகலில் வீட்டில் இருக்கப் போகிறவர் யார், சமையலும் துணி துவைப்பதும் இனி யார் வேலை என்பதை அந்த வாரமே பேசி முடியுங்கள். பேசாமல் விட்டால், வேலை இழந்த ஆண் சோபாவிலும் வேலைக்குப் போய்வந்த பெண் அடுப்படியிலும் என்று ஆகிவிடும். அந்தக் கோபம் வேறு ஏதாவது பெயரில் வெளியே வரும். வேலை இழந்தவர் பெண் என்றால் எதிர்ச் சிக்கல். வீட்டில்தானே இருக்கிறாள் என்று மாமியாரின் மருத்துவமனை நடை முதல் கொழுந்தனார் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவதுவரை எல்லாம் அவர் தலையில் விழும். வேலை தேடும் நேரம் இது என்று மூன்று மணி நேரத்தை யாரும் தொடாமல் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

வேலை சம்பளத்தோடு எதையெல்லாம் தந்தது

வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்ற சிற்றூர் ஒரே ஒரு நூற்பாலையை நம்பி வாழ்ந்தது. ஆலை மூடிய பிறகு, 1930களின் தொடக்கத்தில், மரீ யகோடா உள்ளிட்ட சமூக ஆய்வாளர்கள் அந்த ஊருக்குப் போய், வேலையில்லாமை மனிதரை என்ன செய்கிறது என்று பதிவு செய்தார்கள். வேலை இல்லாததால் நேரம் மிஞ்சியது. ஊர் நூலகம் கட்டணத்தையும் நீக்கியிருந்தது. ஆனால் நூல்களை இரவல் வாங்குவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்துபோனது. காலி நேரம் தானாக எதையும் கொண்டுவந்து தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

வேலை பணத்தோடு ஐந்தைத் தருகிறது என்று யகோடா பிற்காலத்தில் வகுத்துச் சொன்னார்: நாளுக்கு ஒரு கால ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், கட்டாயமாகச் செய்ய வேண்டிய ஏதோ ஒரு செயல். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் பழைய வேலை எதைத் தந்தது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். 'நண்பர்கள்' என்று பொதுவாக எழுதாமல், மத்தியானம் யாரோடு சாப்பிட்டீர்கள், சந்தேகம் என்றால் யார் உங்களைத் தேடி வந்தார்கள் என்று எழுதுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். எழுதி முடித்ததும் எது இல்லாமல்தான் அதிகம் வலிக்கிறது என்று தெரிந்துவிடும். சிலருக்கு அது பதவிப்பெயராக இருப்பதில்லை, 'சார் இத கொஞ்சம் பாருங்க' என்று யாரோ வந்து நிற்பதாக இருக்கும்.

இதில் ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது. ஐந்தையும் ஒரே இடத்தில் திரும்பப் பெற வேண்டும் என்று தேடினால் வருடக்கணக்கில் ஆகலாம். ஐந்து இடங்களில் துண்டு துண்டாகப் பெறலாம் என்றால் அது இரண்டு மாதத்தில் முடியும். புதிய வாழ்க்கை நோக்கம் என்று பெரிதாக எதையும் தேடாதீர்கள், குறைந்தபட்சம் முதல் ஆறு மாதத்துக்கு.

நாளுக்கு மூன்று ஆணி

முழு நாளையும் கால்மணிக் கணக்கில் அட்டவணை போட்டால் நான்காம் நாளே கிழித்துப் போடுவீர்கள். மூன்று நேரங்களை மட்டும் உறுதியாக வையுங்கள்.

காலையில் எழும் நேரம் வேலைக்குப் போன காலத்தில் இருந்ததைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது. எழுந்ததும் வீட்டைவிட்டு வெளியே போய் முப்பது நிமிடம் நடை.

வேலை தேடுவது ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணி வரை, மேசையில் உட்கார்ந்து, மூன்று மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம். நாள் முழுக்கத் திறன்பேசியில் வேலை விளம்பரங்களை உருட்டிக்கொண்டிருப்பது உழைப்பதுபோல் தோன்றும், ஆனால் ஒரே மாதிரியான நாற்பது விண்ணப்பங்கள்தான் மிஞ்சும். அந்த மூன்று மணி நேரத்தில் ஓர் இடத்தைப் பற்றி நன்றாகப் படித்து, அதற்கேற்பத் தன்விவரக் குறிப்பைத் திருத்தி, அங்கே தெரிந்தவர் ஒருவரைத் தேடிப் பேசுவது பலன் தரும். அரசின் வேலை தேடும் தளமான மைகரியர்ஸ்ஃபியூச்சர், அரசின் வேலைவாய்ப்பு அமைப்பான ஊழியரணி சிங்கப்பூரின் வேலை ஆலோசகர்கள், ஜூரோங் ஈஸ்ட்டில் உள்ள என்டியுசி தொழிற்சங்கத்தின் வேலைவாய்ப்பு நிலையமான இ2ஐ மூன்றையும் முதல் மாதத்திலேயே தொட்டுவிடுங்கள். ஆலோசகரிடம் "எதுவானாலும் பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள். அவரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு வேலைப் பெயர்கள், ஒரு குறைந்தபட்சச் சம்பளம், வர முடியாத நேரம் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது ஆணி மாலையில், குடும்பத்தில் இல்லாத ஒருவரோடு நேரில் பேசுவது. வாட்ஸ்அப் கணக்கில் சேராது. புளோக் கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடும் மாமாவோடு பேசினாலும் சரி.

பதவிப்பெயரைப் பிரித்துப் போடுவது

"குவாலிட்டி மேனேஜர்" என்பது அந்த நிறுவனத்தின் சொல். நிறுவனத்தோடு அதுவும் போனது. உங்களிடம் மிஞ்சியிருப்பவை வினைச்சொற்கள். துவாஸ் கப்பல் பட்டறையில் பற்றவைப்பைச் சோதித்தவர் தன் வேலையை இப்படிப் பிரித்து எழுதலாம்: வரைபடம் படிப்பேன். கண்ணால் பார்த்தே வெடிப்பைச் சந்தேகிப்பேன். அறிக்கை எழுதுவேன். ஐந்து மொழிக்காரர்களுக்கு ஒரே விதியை விளக்குவேன். முப்பது வருட அனுபவமுள்ள வெல்டரிடம், அவர் கோபப்படாதபடி, செய்ததைப் பிரித்து மறுபடி செய்யச் சொல்வேன்.

முதல் மூன்றும் பட்டறையோடு போய்விடக்கூடும். கடைசி இரண்டும் எங்கும் செல்லும். கட்டடப் பராமரிப்பு, பாதுகாப்புப் பயிற்சி, தொழிற்கல்வி, மருத்துவமனை வரவேற்பு, முதியோர் நிலையம் எல்லா இடத்திலும் அதற்குத் தேவை இருக்கிறது. இருபது வாக்கியம் எழுதுங்கள். ஒவ்வொன்றும் 'செய்வேன்' என்று முடிய வேண்டும். 'பொறுப்பேற்றிருந்தேன்' என்று எழுதினால் அது மறுபடி பதவிப்பெயராகிவிடும். எழுதிய பிறகு பழைய சக ஊழியர் ஒருவரிடம் காட்டி, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள். நமக்குச் சுலபமாக வருவதை நாம் திறமையாக எண்ணுவதே இல்லை.

"என்ன தம்பி, இப்ப எங்க வேலை?" கோவிலிலும் கல்யாண மண்டபத்திலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. இதற்குப் பயந்தே சனி ஞாயிறு விசேஷங்களைத் தவிர்க்கத் தொடங்கி, ஆறு மாதத்தில் யாரும் அழைக்காத நிலைக்கு வந்துவிடுகிறார்கள். பதிலை முன்கூட்டியே தயார் செய்து வாய்விட்டு நாலைந்து முறை சொல்லிப் பழகுங்கள். மூன்று துண்டு போதும்: நடந்தது, இப்போது செய்வது, அவர் உதவக்கூடியது. "ஜூன்ல ஆட்குறைப்பு அண்ணே. இப்ப கட்டடப் பராமரிப்புப் பக்கம் பார்க்கறேன். அந்தத் துறைல யாராவது தெரிஞ்சா சொல்லுங்க." பழைய நிறுவனத்தைத் திட்டுவதும் நீண்ட விளக்கமும் வேண்டாம். மூன்றாவது துண்டைச் சேர்த்துவிட்டால் கேட்டவருக்கும் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது, பரிதாபப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆறு வாரச் சோதனை

இரண்டாம் மாதத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் வேறு ஏதாவது ஓரிடத்தில் போய் நில்லுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல்: நீங்கள் வராவிட்டால் யாராவது ஒருவர் போன் செய்து "ஏன் வரலை?" என்று கேட்க வேண்டும். கேட்க ஆள் இல்லாத இடம் எவ்வளவு உயர்ந்த சேவையாக இருந்தாலும் இந்தக் காரியத்துக்கு உதவாது. ஆயிரம் பேர் கூடும் ஒருநாள் நிகழ்ச்சியில் தண்ணீர் போத்தல் கொடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் அங்கே உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

1991இல் தொடங்கிய இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா, பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டவும் வழிகாட்டவும் தொண்டூழியர்களைச் சேர்க்கிறது. வாரம் ஒருமுறை ஒரு குறிப்பிட்ட பிள்ளையைப் பார்க்கும் பணி என்றால் அதையே கேட்டு வாங்குங்கள். ஏழு வயதுக் குழந்தை வருகைப் பதிவேட்டைவிடக் கறாராக இருக்கும். தேசிய நூலக வாரியத்தின் கிட்ஸ்ரீட் திட்டமும் 2004 முதல் சிறு பிள்ளைகளுக்கு வாசிக்கத் தொண்டூழியர்களைப் பயன்படுத்துகிறது. பேட்டைகளில் உள்ள துடிப்பாக மூப்படையும் நிலையங்களில் தமிழ் பேசும் முதியவர்களோடு உட்கார, மருத்துவமனைக் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேவைப்படுவதுண்டு. நேரே போய்க் கேட்கலாம். 2015இல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், வரலாற்றில் ஆர்வமுள்ளவருக்குப் பொருந்தும். அங்கே வழிகாட்டி ஆவதற்குப் பயிற்சி தேவை, உடனே நடக்காது. மற்றவற்றுக்கு கிவிங் டாட் எஸ்ஜி இணையத்தளத்தில் பேட்டையும் கிழமையும் கொடுத்துத் தேடலாம்.

கோவில் அன்னதானக் கூடத்தில் காய் நறுக்குவது உடனே தொடங்கக்கூடியது. யாரும் தன்விவரக் குறிப்பு கேட்க மாட்டார்கள். கை வேலையாக இருப்பதால் பேச்சும் தானாக வரும். கொஞ்ச நாளில் ஆளைத் தெரிந்ததும் நிர்வாகக் குழுவுக்கு வரச்சொல்லிக் கேட்பார்கள். முதல் ஆறு மாதம் எந்தச் சங்கத்திலும் செயலாளர், பொருளாளர் பதவி ஏற்காதீர்கள். பதவி இழந்தவருக்கு இன்னொரு பதவி மிகவும் இனிக்கும். பிறகு கூட்டக் குறிப்பும் கோஷ்டிப் பூசலுமாக நாள் போகும், சேவை செய்யும் நேரமே மிஞ்சாது.

ஆளோடு பழகவே மனமில்லாதவர்களுக்குச் செடி. தேசியப் பூங்காக் கழகம் குடியிருப்பாளர்களுக்கு வாடகைக்குத் தரும் தோட்டப் பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். அது கிடைக்காவிட்டால் பேட்டைச் சமூகத் தோட்டம். முதலில் தண்டுக்கீரை போடுங்கள். ஏறத்தாழ ஒரு மாதத்தில் பறிக்கலாம். முருங்கையோ கறிவேப்பிலையோ வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தால் இந்த நேரத்து மனசுக்குத் தாங்காது.

ஒரே சமயத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஆறு வாரம் முடியுமுன் விடவும் வேண்டாம். முதல் இரண்டு வாரம் எல்லாமே அசட்டுத்தனமாகத் தோன்றும், நேற்றுவரை முப்பது பேரை மேய்த்தவர் இன்று வெங்காயம் உரிப்பதா என்று. அளக்கும் முறையும் முக்கியம். கிளம்பும் முன் போக விருப்பம் இருந்ததா என்று பார்க்காதீர்கள், பெரும்பாலும் இருக்காது. வீடு திரும்பி ஒரு மணி நேரம் கழித்து மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண் எழுதுங்கள். ஆறு எண்கள் சேர்ந்ததும் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். இறங்கினால் கூச்சப்படாமல் நன்றி சொல்லி விலகி அடுத்ததை முயலுங்கள்.

படிப்பு, குறைந்த சம்பளம், சொந்தத் தொழில்

அவசரப்பட்டுப் படிப்பில் சேர்வது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கூடுதல் நிதி வரவு வைக்கப்பட்டது. அதற்குக் காலாவதி இல்லை, எனவே ஓடிப்போய்ச் செலவழிக்க அவசியமில்லை. தகுதிபெறும் முழுநேரப் படிப்புகளுக்குப் பயிற்சிப் படித்தொகையும் உண்டு: முந்திய சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 300 முதல் 3,000 வெள்ளி வரை, வாழ்நாளில் மொத்தம் 24 மாதம். சேர்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் படிப்பை முடித்து அந்த வேலையில் இருக்கும் இருவரைத் தேடி, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று கேளுங்கள். படிப்பு பிடித்து வேலை பிடிக்காமல் போகிறவர்கள் நிறைய.

முதலாளிக்குச் சம்பள மானியம் தந்து, வேலையில் சேர்த்தபடியே பயிற்சி அளிக்கும் வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டங்களும் ஊழியரணி சிங்கப்பூரிடம் உள்ளன. 40 வயதைத் தாண்டியவருக்கு மானியம் 90 விழுக்காடு வரை போகும். நேர்முகத் தேர்வில் வயது தடையாகத் தோன்றும்போது இதை நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

பாதிச் சம்பள வேலையை ஏற்பதா என்பதற்குக் கையிருப்புக் கணக்கு பதில் சொல்லும், கௌரவம் சொல்லக் கூடாது. வாடகைக் கார் ஓட்டுவது உடனடி வருமானம் தரும். ஆனால் கார் வாடகை நாள்தோறும் ஓடுவதால் நேரம் முழுவதையும் விழுங்கி, வேலை தேடும் மூன்று மணி நேரத்தையும் கொண்டுபோய்விடும். வீட்டில் சமைத்து விற்க வீவக வீடுகளில் சிறு அளவில் அனுமதி உண்டு, தனி உரிமம் தேவையில்லை. வெளியாளை வேலைக்கு வைக்கவோ பெயர்ப்பலகை மாட்டவோ கூடாது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் சந்தா கட்ட வேண்டும். மாதம் முழுக்க வாங்கிய சாமான், எரிவாயு, உங்கள் நேரம் மூன்றையும் எழுதிக் கழித்துவிட்டு லாபத்தைப் பாருங்கள். நேரத்தைக் கழிக்காமல் பார்த்தால் எல்லாத் தொழிலும் லாபம்தான்.

இழப்பீட்டுப் பணத்தின் வாசனை பிடித்து வருகிறவர்களும் உண்டு: உணவகப் பங்கு, பங்குச்சந்தைப் பயிற்சி, டெலிகிராமில் 'வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்'. ஆறு மாதத்துக்கு 1,000 வெள்ளிக்கு மேல் எதிலும் போடுவதில்லை என்று துணையோடு பேசி முடிவெடுங்கள். சந்தேகம் வந்தால் மோசடி பற்றிய உதவி எண் 1799க்கு அழைத்துக் கேட்கலாம்.

எப்போது உதவி தேட வேண்டும்

முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும் எரிச்சலும் இயல்பு. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து திரும்பத் தூங்க முடியாமை, பசியின்மை, பகலிலேயே குடிப்பது, யாரையும் பார்க்கப் பிடிக்காமை இவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். அங்கிருந்து மனநலச் சிகிச்சைக்குச் சலுகைக் கட்டணத்தில் அனுப்புவார்கள். பேசினால் போதும் என்றால் தேசிய மனநல உதவி எண் 1771. 'நான் இல்லாவிட்டால் காப்பீட்டுப் பணமாவது வரும்' என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் உடனே தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767க்கு அழையுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள். வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் விளையாட்டுப் பேச்சு என்று விடாதீர்கள். ஃபோர்-டி (4D), டோட்டோ, சூதாட்டக்கூடம் என்று போகத் தொடங்கினால் சூதாட்டப் பிரச்சினை உதவி எண் 1800-6-668-668. சூதாட்டக்கூடத்துக்குள் நுழையத் தடை போடும்படி நீங்களோ குடும்பத்தாரோ விண்ணப்பிக்கலாம்.

ஆறாம் மாதக் கணக்கு

ஐந்து வரித் தாளை மறுபடி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே இப்போது எது இருக்கிறது என்று எழுதுங்கள். மூன்று வரி நிரம்பியிருந்தால் போகிற வழி சரி. ஒன்றும் நிரம்பவில்லை என்றால் முயற்சி போதவில்லை என்று முடிவுகட்டாமல், ஆலோசகரை மாற்றுங்கள், இடத்தை மாற்றுங்கள், உடல்நலத்தையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையே வேலை கிடைத்துவிட்டால் இன்னொரு சிக்கல் வரும். சேர்ந்த முதல் வாரமே சிண்டாப் பிள்ளை, கோவில் சமையல்கூடம், தோட்டப் பாத்தி எல்லாவற்றையும் கைவிட்டுவிட்டு மறுபடி ஐந்தையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்கத் தோன்றும். இரண்டில் ஒன்றையாவது விடாதீர்கள். அதற்காக, உதாரணத்துக்கு, வியாழன் மாலை ஆறரை மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும் என்று சம்பளம் பேசும்போதே சொல்லிவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.